செவலைக் கோழி ஏன் பச்சையாகக் கழிந்தது

கோழி பச்சையாகக் கழிந்தால் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது, மிச்சக் கோழிகளையும் பிடித்து விற்றுவிடு, இல்லையென்றால் இன்றைக்கே அறுத்துக் குழம்பு வைத்துவிடு. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனையோ வீடுகளில் நல்ல கோழிகள் இப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கோழி வாசலில் பச்சையாகப் போட்டது என்பதற்காக ஒரு கூட்டமே சந்தைக்குப் போய்விடும். நிஜமாகவே வெள்ளைக்கழிச்சலாக இருந்தாலோ அது இன்னும் மோசம், சந்தைக்குப் போன கோழி அடுத்தடுத்த ஊர்களுக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பச்சைக் கழிச்சலுக்குப் பல காரணங்கள் உண்டு. எது என்று கண்டுபிடிக்க முடியும், அதற்கான வழியும் நம் ஊர் மாட்டாஸ்பத்திரியிலேயே இருக்கிறது. எங்கள் செவலையை வைத்து அதை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

செவலை ஒரு சிறுவிடைக் கோழி. சிறுவிடை என்றால் தெரியும்தானே, உடம்பு சிறிசு, அடை உட்காருவதில் கெட்டிக்காரி, காக்கா பருந்து எது வந்தாலும் குஞ்சுகளை விட்டுக்கொடுக்காது. புரட்டாசியில் அடை உட்கார்ந்து குஞ்சு பொரித்து, ஐப்பசி மழை வலுத்த நேரத்தில் குஞ்சுகள் ஒரு மாதத்தைத் தொட்டிருந்தன. அடை உட்கார்ந்த கோழி அந்த 21 நாளும் அரைகுறையாகத்தான் தின்னும், நாளுக்கு ஒரு தடவை இறங்கி அவசரமாக நாலு கொத்து கொத்திவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளும். குஞ்சு பொரித்த பிறகும் கிடைத்ததையெல்லாம் குஞ்சுக்குக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத் தான் கடைசியில் தின்னும். அதனால் அது இளைத்திருந்தது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வித்தியாசமாகத் தெரிந்தது எச்சம்தான். பஞ்சாரத்தைத் தூக்கியபோது அடியில் தண்ணீராக, கொஞ்சம் நுரையோடு, நல்ல பச்சை நிறத்தில் கிடந்தது. வெள்ளைப் பகுதி வழக்கத்தைவிட அதிகம். கோழி குஞ்சுகளோடுதான் நின்றது, ஆனால் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு. எங்கள் ஊரில் இதைத்தான் 'கோழி தூங்குது' என்பார்கள். அந்தப் பேச்சு வந்துவிட்டாலே வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிடும்.

கோழி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். கூட்டத்தில் பலவீனமாகத் தெரிந்தால் மற்றக் கோழிகளே கொத்தித் துரத்தும், வெளியில் கீரியும் நாயும் அதைத்தான் முதலில் பார்க்கும், அதனால் முடிகிறவரை நன்றாக இருக்கிற மாதிரியே நடந்துகொள்ளும். நமக்குத் தெரிகிற மாதிரி ஓரமாகப் போய் நிற்கிறது என்றால் நோய் தொடங்கிச் சில நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். எச்சத்தை மட்டும் அதனால் மறைக்க முடியாது. அதனால்தான் முட்டை எடுக்கப் போகும்போதே எச்சத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது எனக்குப் பழக்கம். பார்க்கத் தெரிய வேண்டும் என்றால் முதலில் நல்ல எச்சம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கோழிக்குத் தனியாக மூத்திரம் கிடையாது. நாம் யூரியாவாக வெளியேற்றுவதை அது யூரிக் அமிலமாக மாற்றி, தண்ணீரை மிச்சம் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கூழாக எச்சத்தின் மேலேயே வைத்துவிடும். பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பச்சையில் திரண்ட ஒரு உருண்டை, அதன் மேல் வெள்ளைத் தொப்பி, அதுதான் சாதாரண எச்சம். (முட்டைக்குள் இருக்கும் குஞ்சும் இப்படித்தான் தன் கழிவைத் தண்ணீரில் கரையாத யூரிக் அமிலமாக ஓரமாகச் சேர்த்து வைக்கிறது. கரைகிற கழிவாக இருந்தால் ஓட்டுக்குள்ளேயே விஷமாகிப் போயிருக்கும். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு ஆச்சரியமாக இருந்தது.)

இது தவிர இன்னொரு வகை எச்சம் உண்டு, அதைப் பார்த்துத்தான் புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். கோழியின் சிறுகுடல் முடிகிற இடத்தில் ஒரு பக்கம் மூடிய இரண்டு பைகள் இருக்கின்றன. அங்கே உணவு நொதித்து, அவ்வப்போது தனியாக வெளியே வரும். கடுகு நிறத்திலோ கரும்பழுப்பாகவோ, பசை மாதிரி, நாற்றமும் குடலைப் பிடுங்கும். கிட்டத்தட்ட எட்டு பத்து எச்சத்துக்கு ஒன்று இப்படி இருக்கும். இது நோய் இல்லை, சொல்லப்போனால் குடல் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அடைக்கோழி இறங்கி வந்து போடுகிற எச்சமும் அப்படித்தான், நாள் முழுக்க அடக்கி வைத்திருந்து ஒரே தடவையில் கைப்பிடி அளவுக்குப் போடும், நாற்றம் தெருமுனைவரை வரும், அதுவும் இயல்புதான். சித்திரை வெயிலில் கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்தும் தண்ணீரை நிறையக் குடித்தும்தான் உடம்பைக் குளிர்விக்கும், அப்போது எச்சம் வெறும் தண்ணீராகப் போகும். பீட்ரூட் தோலோ சிவப்புத் தண்டுக்கீரையோ போட்டிருந்தால் மறுநாள் எச்சம் சிவந்து கிடக்கும். எப்போதாவது ஆரஞ்சு நிறத்தில் சின்ன இழை மாதிரி ஒன்று கலந்து வரும், குடலின் உள்தோல் புதுப்பிக்கப்படும்போது உதிர்வது அது. ஒரு தடவை வந்தால் கவலைப்பட வேண்டாம். அடுத்தடுத்து வந்தால், அதிலும் குஞ்சுகளில் வந்தால், சும்மா இருக்கக் கூடாது.

செவலை போட்டது இதில் எதுவும் இல்லை. பஞ்சாரத்தைத் தூக்கும் போதெல்லாம் அதே பச்சை, அதே தண்ணீர்.

சரி, எச்சத்தைப் பார்த்தாயிற்று, அப்புறம் கோழியைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் இருட்டிய பிறகு பிடித்தால் கோழி திமிறாது. மடியில் வைத்துக்கொண்டு தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொண்டை வெளுத்திருந்தது, ஆனால் நீலம் பாயவில்லை. மூக்கில் சளி இல்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கவில்லை, கழுத்து முறுக்கவில்லை. தீனிப்பையைத் தொட்டால் கிட்டத்தட்ட காலி. பொழுது சாயும்போது கோழியின் தீனிப்பை நிறைந்து இருக்க வேண்டும், விடியும்போது காலியாக இருக்க வேண்டும். விடிந்தும் கல் மாதிரி இருந்தால் அடைப்பு, தொளதொளவென்று இருந்து வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை. செவலைக்கு இரண்டும் இல்லை, அது தின்னவே இல்லை, அவ்வளவுதான். நெஞ்செலும்பைத் தடவினால் இரண்டு பக்கமும் சதை வற்றிக் கத்தி விளிம்பாக நின்றது. வயிறு வீங்கவில்லை, முட்டை எதுவும் அடைத்துக்கொண்டிருக்கவில்லை. ஆசனவாயைச் சுற்றி இறகெல்லாம் பச்சையாக ஒட்டிக் காய்ந்து கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துவிட்டேன், பேன் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துக்கொண்டேன். துணிப்பையில் வைத்து ஸ்பிரிங் தராசில் தூக்கினால் ஒரு கிலோவுக்கும் கீழே காட்டியது.

அப்புறம் தனியாகப் பிரித்தேன். பின்கட்டில் காற்று அடிக்காத மூலையில் ஒரு பஞ்சாரம், அடியில் செய்தித்தாள். வைக்கோல் போடக் கூடாது, தவிடு போடக் கூடாது, செய்தித்தாள்தான் போட வேண்டும், ஏனென்றால் அதில்தான் எச்சத்தின் நிறமும் தண்ணீரின் அளவும் புழு இருந்தால் புழுவும் தெளிவாகத் தெரியும். எவ்வளவு தின்றது, எவ்வளவு குடித்தது என்றும் கணக்கு வைக்கலாம். குஞ்சுகளை என்ன செய்வது என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அம்மாவைக் காணாமல் அவை கத்துகிற கத்தலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நடுவில் கைநீள இடைவெளி விட்டு இன்னொரு பஞ்சாரத்தில் குஞ்சுகளை வைத்தேன், சத்தம் கேட்கும், பார்க்கவும் முடியும், எச்சம் மட்டும் கலக்காது. செவலை அந்தப் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"ஏத்தா, சீக்குக் கோழியக் கொண்டாந்து வீட்டுக்குப் பக்கத்துல வச்சிருக்க. அது தேறாது, ஒங்க மாமாட்டச் சொல்லி அறுக்கச் சொல்லு" என்றார் அத்தை. அவர் சொன்னதில் தப்பு இல்லை, அவர் காலத்தில் ஒரே வாரத்தில் கொல்லை முழுக்கக் காலியானதைக் கண்ணால் பார்த்தவர். "இல்லத்தே, என்ன சீக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பாப்போம்" என்றேன். சீக்குக் கோழியை அறுத்துத் தின்பதை நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன், அறுக்கும்போதும் சுத்தம் பண்ணும்போதும்தான் கிருமி கைக்கு வருகிறது.

அத்தை பயந்த வெள்ளைக்கழிச்சலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராணிக்கெட் நோய் என்று கால்நடைத் துறையில் சொல்வது இதைத்தான். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் அடையாளம் காணப்பட்டது, அதனால் உலகத்தில் மற்ற இடங்களில் நியூகாசில் நோய் என்பார்கள். ராணிக்கெட் இமயமலையில் இன்றைய உத்தரகண்டில் இருக்கிற ஊர். இது வைரஸ், இதற்கு மருந்தே கிடையாது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆனால் அது வருகிற விதமே வேறு. ஒரு கோழி மட்டும் நாள்கணக்கில் மெலிந்துகொண்டே இருக்காது. திடீரென்று இரண்டு மூன்று ஒன்றாகப் படுக்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கொர்கொர் என்று மூச்சு இழுக்கும், பிழைத்துக் கிடப்பவற்றில் சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், இறக்கையும் காலும் இழுத்துக்கொள்ளும். எங்கள் கோழிகளுக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடைத் துறை நடத்துகிற இலவச முகாமில் தடுப்பூசி போட்டிருக்கிறேன். குஞ்சாக இருக்கும்போது முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் ஊசி, இது சாதாரணமான அட்டவணை. தடுப்பூசி போட்ட கோழிக்கு நோயே வராது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மற்ற எந்தக் கோழியும் துளிகூட வாடாமல் இருக்கும்போது செவலை ஒன்றுக்கு மட்டும் இது வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று ரத்தக்கழிச்சல். மழைக்காலத்தில் மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்வது இதுதான். காக்சிடியா என்கிற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி குடல் சுவரைத் தின்று கிழித்துவிடும், எச்சத்தில் ரத்தமாக வரும். எச்சத்தில் வெளியேறும் அதன் முட்டைகளுக்குச் சூடும் ஈரமும் போதும், ஓரிரு நாளில் தொற்றக்கூடிய பக்குவத்துக்கு வந்துவிடும், சாதாரண பினாயிலுக்கு அவை அசைந்துகொடுக்காது. செவலையைவிடக் குஞ்சுகளை நினைத்துத்தான் நான் இதற்குப் பயந்தேன். கந்தக மஞ்சளாகக் கழிந்தால் டைபாய்டு வகைக் காய்ச்சலாக இருக்கலாம். பொரித்த சில நாளிலேயே குஞ்சின் பின்புறம் வெள்ளையாக அடைத்துக்கொண்டால் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சால்மோனெல்லா பாக்டீரியா. கோழிக் காலராவிலும் பச்சையும் மஞ்சளுமாகப் போகும். கோழிக் காலரா என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. 1879இல் லூயி பாஸ்டர் ஆய்வகத்தில் பழசாகிப்போன கோழிக் காலராக் கிருமியைக் கோழிகளுக்குப் போட்டபோது அவை சாகவில்லை, பிறகு வீரியமான கிருமியைப் போட்டும் தாக்குப்பிடித்தன. ஆய்வகத்தில் கிருமியைப் பலவீனப்படுத்தித் தடுப்பூசி செய்யலாம் என்பது அங்கிருந்துதான் தொடங்கியது. நாமும் நம் பிள்ளைகளும் போட்டுக்கொள்கிற எத்தனையோ ஊசிகளுக்குப் பின்னால் கழிந்துகொண்டு கிடந்த சில கோழிகள் இருக்கின்றன.

இப்படி ஒரே பச்சைக்கும் தண்ணீருக்கும் பின்னால் இத்தனை காரணம் இருக்கும்போது கடையில் போய் 'கோழி கழியுது, மருந்து குடுங்க' என்று கேட்பதில் என்ன பிரயோஜனம்? ஆனால் அதுதான் நடக்கிறது. கேட்டவுடன் ஒரு ஆன்டிபயாடிக் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், தண்ணீரில் கலந்து எல்லாக் கோழிக்கும் வையுங்கள் என்கிறார்கள். வைரஸுக்கு அது கேட்காது, புழுவுக்குக் கேட்காது. குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவும் செத்து, கொஞ்சநஞ்சம் மிஞ்சுகிற கெட்டதுக்கு மருந்து பழகிப்போய்விடும். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிற கோலிஸ்டின் என்கிற மருந்தையே கோழிப் பண்ணைகளில் வளர்ச்சிக்காகக் கலந்துகொண்டிருந்தார்கள். 2019இல்தான் மத்திய அரசு அதை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை செய்தது. கொல்லையில் நாலு கோழி வைத்திருக்கிற நாமும் அந்தப் பெரிய சங்கிலியில் ஒரு கண்ணிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போனேன். பெரும்பாலானவர்கள் அங்கே மாடு, ஆட்டுக்குத்தான் பார்ப்பார்கள் என்று நினைக்கிறார்கள். கோழிக்கும் பார்ப்பார்கள். கோழியைத் தூக்கிக்கொண்டு போவதோடு எச்சத்தையும் கொண்டுபோக வேண்டும், அதுதான் முக்கியம். மண்ணில் கிடந்ததை அள்ளக் கூடாது, மண்ணில் வாழ்கிற புழுக்களும் அதில் ஏறியிருக்கும். செய்தித்தாளில் புதிதாக விழுந்ததை, சாதாரண எச்சம் கொஞ்சம், அந்தப் பசை மாதிரி எச்சம் கொஞ்சம், சுத்தமான மூடியுள்ள டப்பாவில் எடுத்துக்கொண்டு வெயில் படாமல் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா கோழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பச்சைங்கிறது பித்தம்மா. தீனி உள்ள போகலன்னா வெறும் பித்தம்தான் வெளிய வரும். சாப்பிடாத கோழி எந்தச் சீக்கா இருந்தாலும் பச்சையாத்தான் போகும். அது ஏன் சாப்பிடலைன்னுதான் நாம பாக்கணும்."

பரிசோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. உப்பு இதற்குமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் எச்சத்தைக் கலக்கி வடிகட்டி, சின்னக் குழாயில் தளும்ப ஊற்றி, மேலே ஒரு கண்ணாடித் தகட்டை மூடிக் கொஞ்ச நேரம் விடுகிறார்கள். புழு முட்டைகள் அந்த உப்புத் தண்ணீரைவிட லேசு, அதனால் மிதந்து மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார். தடித்த ஓட்டோடு நீள்வட்டமாகத் திரும்பிய பக்கமெல்லாம் உருண்டைப்புழுவின் முட்டைகள். நடுவில் எங்கேயோ ஒன்றிரண்டு காக்சிடியா முட்டையும் தெரிந்தது, எனக்குப் பகீரென்றது. வளர்ந்த கோழியின் குடலில் காக்சிடியா ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும், அதற்கு எதிர்ப்பு சக்தி வந்திருக்கும், எண்ணிக்கையும் கோழியின் நிலையும் சேர்ந்துதான் நோய் என்று அவர் விளக்கினார். மைக்ராஸ்கோப்பில் தெரிகிற எல்லாமே நோய்க்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

செவலையின் பிரச்சினை புழுதான். அஸ்காரிடியா என்கிற உருண்டைப்புழு ஐந்து முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர்வரை வளரும், சிறுகுடலில் இருந்துகொண்டு தின்பதையெல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும், நிறைய சேர்ந்துவிட்டால் குடலையே அடைத்துவிடும். சாதாரணமாக மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள இளங்கோழிகளைத்தான் அதிகம் தாக்கும், வயசான கோழி தாக்குப்பிடித்துக்கொள்ளும். ஆனால் அடை உட்கார்ந்து புரதமும் வைட்டமின் ஏயும் வற்றிப்போன கோழிக்கு அந்தத் தடுப்பு விட்டுப்போகிறது. மழை பெய்து கொல்லை முழுக்கச் சொதசொதவென்று கிடந்தது வேறு. எச்சத்தில் விழுந்த முட்டை ஈர மண்ணில் பத்துப் பன்னிரண்டு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மழைக்கு மேலே வருகிற மண்புழு வயிற்றிலும் ஏறிக்கொள்ளும், மண்புழுவைக் கோழி விடுமா?

எடைக்குத் தகுந்த அளவில் குடற்புழு மருந்து கொடுத்தார். எவ்வளவு மில்லி என்று இங்கே எழுத மாட்டேன், மருந்துக்கு மருந்து அடர்த்தி மாறும், கோழிக்குக் கோழி எடை மாறும், எடை போட்டு மருத்துவரிடம் கேட்டுக் கொடுப்பதுதான் சரி. ஒரு தடவையோடு விடவும் கூடாது. மருந்துக்குத் தப்பிய இளம்புழுக்கள் வளர்ந்துவிடும் என்பதால் இடைவெளி விட்டு மறுபடியும் கொடுக்கச் சொன்னார். முட்டையிடுகிற கோழியாக இருந்தால் அவர் சொல்கிற காலம்வரை அந்த முட்டைகளைச் சாப்பிடக் கூடாது. மறுநாள் செய்தித்தாளில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. அருவருப்பாக இருக்கத்தான் செய்தது, ஆனால் அத்தனையும் அந்தச் சின்ன உடம்புக்குள் இருந்ததா என்று நினைத்தபோது அழுகைதான் வந்தது. எடுத்துக் கொளுத்திவிட்டேன். அரிசி மாதிரி தட்டையாக, அசைகிற துண்டுகள் கிடந்தால் அது நாடாப்புழு. அதற்கு வேறு மருந்து வேண்டும், எறும்பையும் சாணி வண்டையும் கோழி தின்பதால் வருவது. வேப்பிலையும் குப்பைமேனியும் நாங்களும் அரைத்துக் கொடுப்பதுண்டு, ஆனால் இவ்வளவு புழு சேர்ந்த பிறகு அதை மட்டும் நம்பி இருந்தால் கோழி தாங்காது.

மருந்தைவிட அதிகம் வேலை வாங்கியது தீனியும் சூடும்தான். கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், தின்னாத கோழியால் மழைக் குளிரில் அதைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது. பஞ்சாரத்தின் ஒரு பக்கம் மட்டும் அறுபது வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிட்டேன், சூடு வேண்டுமென்றால் அங்கே போகும், போதும் என்றால் தள்ளிக்கொள்ளும். தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கலந்து வைத்தேன். தானாகக் குடிக்காத கோழிக்கு வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். நாக்கு முடிகிற இடத்திலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்து இருக்கிறது, ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும், கழிச்சலில் சாகாத கோழி அதில் செத்துவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்தால் அதுவே நக்கி விழுங்கும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை நொய்க் கஞ்சியில் பிசைந்து, பொடிசாக நறுக்கிய முருங்கைக் கீரையும் சேர்த்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. குஞ்சுகளுக்கு அதே தீனியை வைத்து அவை அடித்துப்பிடித்துத் தின்கிற சத்தம் கேட்டதும் இது கழுத்தை நீட்டியது. நாலு கொத்து. அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

தின்ன ஆரம்பித்த பிறகு பச்சை தானாகக் குறைந்தது. முதலில் தண்ணீர் குறைந்து, அப்புறம் நிறம் பழுப்புக்குத் திரும்பி, கடைசியில்தான் வெள்ளைத் தொப்பி ஒழுங்காக உட்கார்ந்தது. இடையில் ஒரு நாள் அந்தக் கடுகு நிறப் பசை எச்சம் விழுந்தபோது நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை, குடல் முழுக்க வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அத்தைதான் அதை முதலில் பார்த்துக் கூப்பிட்டார், அவரும் தினமும் செய்தித்தாளைப் பார்க்கப் பழகியிருந்தார்.

குஞ்சுகளின் எச்சத்தையும் கொண்டுபோய்ப் பார்த்ததில் புழு முட்டை இல்லை. உருண்டைப்புழு உள்ளே போய் முட்டை போடவே ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் அதை வைத்து நிம்மதியாகிவிட முடியாது, பிறகு ஒரு தடவை பார்க்கச் சொன்னார்கள். ரத்தம் தெரிந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், ஆம்ப்ரோலியம் தரலாம், அந்த மருந்து கொடுக்கும்போது பி வைட்டமின் டானிக் எதையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அந்த மருந்து காக்சிடியாவுக்குத் தயாமின் என்கிற பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் வேலை செய்கிறது, நாம் டானிக்கில் தயாமினைக் கொடுத்தால் மருந்து வீண். நல்லவேளை, தேவைப்படவில்லை.

கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சீக்குக் கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுப்படிக்குள் நுழையக் கூடாது. சால்மோனெல்லா நமக்கும் வரும், ராணிக்கெட் வைரஸ்கூடக் கண்ணைச் சிவக்க வைக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம், வெளிக் குழாயில் கழுவுங்கள். நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியாகச் சீக்குக் கோழியிடம் போக வேண்டும், அங்கே போட்ட செருப்போடு திரும்ப இந்தப் பக்கம் வரக் கூடாது. பல கோழிகள் ஒரே நேரத்தில் திடீரென்று செத்தால் தொடவே தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும், பறவைக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம். ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் கால்நடை உதவி எண்ணான 1962க்கு போன் செய்து கேளுங்கள்.

ஐநூறு ரூபாய்க் கோழிக்கு இவ்வளவா என்று எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். மாட்டாஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை, மருந்துச் செலவு ஒரு வேளைக் கறிச் செலவுகூட இல்லை. ஆனால் செலவு குறைவாக இருந்ததால் செய்தேன் என்று சொன்னால் அது உண்மையில்லை. மழையில் நனைந்து நனைந்து குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்துக் காப்பாற்றிய உயிர் அது. நம் கொல்லையில், நம் மண்ணில், நாம் போட்ட தீனியைத் தின்று வளர்கிற ஒன்றுக்கு வலி வந்தால் என்ன வலி என்று பார்ப்பது நம் பொறுப்பு. பார்த்த பிறகு காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால் அது வேறு. பார்க்காமலேயே முடிவு பண்ணுவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மண்ணைச் சரிசெய்வதுதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் தேங்குகிற பள்ளத்தை மண் போட்டு மேடாக்கிவிட்டோம், பழைய பஞ்சாரம் இருந்த இடத்தை மேல்மண் வழித்துச் சுண்ணாம்பு தூவி வெயிலில் காய விட்டிருக்கிறோம். வழித்த மண்ணையும் எச்சத்தையும் கீரைப் பாத்தியில் போடாமல் தனிக் குழியில் மக்க வைத்திருக்கிறேன். தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டில் வைக்கிறேன். செவலை தை மாதம் மறுபடி முட்டையிட ஆரம்பித்தது, இப்போது அடுத்த ஈட்டுக்கு அடையில் உட்கார்ந்திருக்கிறது, உட்காரும் முன்பே எச்சத்தைப் பரிசோதித்துப் புழு மருந்தும் கொடுத்தாயிற்று. பொரிக்கப்போகிற குஞ்சுகளைப் பழைய இடத்தில் விடப் போவதில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் கோழி மேயாத தரை கொஞ்சம் இருக்கிறது, அங்கேதான்.